ஆசிரியர்களின் இணையக் குழுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியர்களுக்கான ஓர் இணையக் குழுவைக் கவனித்துவருகிறேன். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரத்தில் கேட்பதும், இரண்டு வருடம் இருந்தவர்கள் தனியாக அழைத்துக் கேட்பதும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாமே என்று பிறகு வருத்தப்படுவேன். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தொகுத்து, நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் கணக்குப் பக்கமே சாய்ந்திருக்கும். மற்றப் பாடங்களை நடத்துபவர்கள் தங்கள் பாடத்தைப் பொருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் குழுன்னா என்ன? எங்க பள்ளிக்கே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. பள்ளிக் குழுவில் சுற்றறிக்கை வரும், கூட்டம் எத்தனை மணிக்கு என்று வரும், மதிப்பெண் பட்டியலை எப்போது தர வேண்டும் என்று வரும். அதில் நீங்கள் இருப்பது வேலையின் ஒரு பகுதி. நான் சொல்லும் குழுவில் யாரும் உங்களைச் சேரச் சொல்லவில்லை, விலகினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு வகுப்பில் போய் நிற்க வேண்டிய ஒருவர், அதே நிலையில் இருக்கும் இன்னொருவரிடம் "இதை நீங்கள் எப்படி நடத்துவீர்கள்?" என்று கேட்கும் இடம் அது.

ஒரே வேலையைச் செய்பவர்கள் அந்த வேலையைப் பற்றிப் பேசிப் பேசியே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் கூட்டத்துக்கு ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ல் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'செயல்வழிச் சமூகம்' என்று சொல்லலாம். தையல்காரர்கள், மருத்துவச்சிகள் என்று பல தொழில்களை வைத்து அதை விளக்கினார்கள். ஆசிரியர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எங்க பள்ளியிலேயே அனுபவசாலிகள் இருக்காங்க. எனக்கு எதுக்கு வெளியாட்கள்?

பக்கத்து வகுப்பறையில் நல்ல ஆசிரியர் இருந்தால் முதலில் அவரிடமே போங்கள். அவருக்கு உங்கள் பிள்ளைகளைத் தெரியும், அதற்கு ஈடில்லை. ஆனால் பல பள்ளிகளில் இயற்பியலுக்கு ஒரே ஆசிரியர், இசைக்கு ஒரே ஆசிரியர். அவர் யாரிடம் கேட்பார்? கூடவே இன்னொன்று: உங்கள் பணியை மதிப்பிடும் இடத்தில் இருப்பவரிடம் "எனக்கு இந்தப் பாடம் சரியாக வரவில்லை" என்று சொல்ல எல்லோருக்கும் மனம் வராது.

பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் அட்டையோடு ஒப்பிட்டார் அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி. 1975-ல் எழுதியது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் குழிக்குள், பக்கத்துக் குழியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல். கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பேரின் முன் நிற்கும்போது அந்த உவமை எவ்வளவு சரி என்று புரியும்.

எதுல சேரலாம்? வாட்ஸ்அப்பா, டெலிகிராமா, வேற ஏதாவதா?

உங்களுக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்தது. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒவ்வொரு தலைப்புக்கும் தனி அறை போடலாம். உடனடிப் பதில் வேண்டும் என்றால் முப்பது நாற்பது பேர் உள்ள சிறிய அரட்டைக் குழு போதும். போன வருடம் யாரோ பகிர்ந்த வடிவியல் செயல்பாட்டைத் தேடி எடுக்க வேண்டும் என்றால், தலைப்புவாரியாகப் பிரிந்து நிற்கும் இடம் வேண்டும். அரட்டையில் நல்ல பதில்கூட மறுநாளே கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

சேருமுன் ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் கைப்பேசி எண் மற்ற உறுப்பினர்கள் கண்ணில் படும். டெலிகிராமில் எண்ணை மறைத்துவைக்க முடியும். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை, குறிப்பாகப் பெண் ஆசிரியர்களுக்கு.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். நான் சேர்ந்த மிகப் பெரிய குழுவில் ஒரு நாளைக்கு இருநூறு கோப்புகள் வந்து விழும். ஒன்றைப் பற்றிக்கூட யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டேன்.

சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு, ஒரு வரிகூட எழுதலை. சும்மா படிச்சிட்டே இருக்கேன். தப்பா?

தப்பே இல்லை. இணையக் கூட்டங்களில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்கிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவர்தான் விடாமல் எழுதுகிறார் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். துல்லியமான கணக்கு என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் என் குழுவில் நான் பார்ப்பதும் ஏறத்தாழ அதுதான்.

மேலே சொன்ன லேவ், லைபீரியாவில் தையல் பழகுபவர்களைக் கவனித்தார். அவர்கள் முதல் நாளே துணி வெட்டுவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று உடையின் கடைசி வேலைகளில் தொடங்கி, வெட்டுவதற்குப் பிறகுதான் வருவார்கள். ஓரத்தில் இருந்து பார்ப்பதும் கற்பதில் சேர்த்திதான். உங்களுக்கான பொத்தான் வேலை என்னவென்றால், யாராவது பகிர்ந்தது உங்கள் வகுப்பில் உதவியிருந்தால் "நேற்று பயன்படுத்தினேன், நன்றாகப் போனது" என்று ஒரு வரி. எழுதியவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி கேட்டேன், ஒருத்தர்கூடப் பதில் சொல்லலை. என்னை யாருக்கும் பிடிக்கலையா?

பெரும்பாலும் ஆளைப் பற்றிய விஷயமே இல்லை, கேள்வி எழுதப்பட்ட விதம்தான். "பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்று ஒருவர் எழுதினார். நாற்பது பேர் படித்தார்கள், பதில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. நான் தனியாக அழைத்து, "எந்தக் கணக்கு, என்ன பதில் எழுதினார்கள்?" என்று கேட்டேன். மறுநாள் இப்படி எழுதினார்: "நான்காம் வகுப்பு. 1/3 பெரியதா 1/4 பெரியதா என்று கேட்டால் பாதிப் பேருக்கு மேல் 1/4 என்கிறார்கள். 4 தானே 3-ஐ விடப் பெரியது என்று காரணமும் சொல்கிறார்கள். வட்டம் வரைந்து காட்டினேன், தலையாட்டினார்கள். மறுபடி கேட்டால் அதே பதில்."

அரை மணி நேரத்தில் ஏழு பதில்கள். ஒருவர், சம நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல்லி, ஒரு துண்டை ஒரு துண்டின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். இன்னொருவர் அதற்குக் கீழே எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "நான்காக மடிப்பது சுலபம். மூன்றாக மடிக்கத் தெரியாமல் பாதி வகுப்பு அதிலேயே போய்விடும். அந்தப் பட்டையில் மட்டும் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள்." அந்த வகுப்பில் நின்று தடுமாறிய ஒருவரால்தான் அதைச் சொல்ல முடியும்.

ஆக, வகுப்பு, பாடம், பிள்ளைகள் எழுதிய தவறு, நீங்கள் ஏற்கெனவே முயன்றது. இந்த நான்கும் கேள்வியில் இருந்தால் பதில் வரும். அப்படியும் வரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். பள்ளி நேரத்தில் போட்ட கேள்வி பலர் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

இவ்வளவு அடிப்படையான விஷயத்தைக் கேட்டா சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு.

நல்ல குழுவில் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் அந்தக் குழு உங்களுக்கு வேண்டாம். பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவர் எங்கள் குழுவில், "குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதை நானே மனப்பாடமாகத்தான் வைத்திருக்கிறேன், பிள்ளை கேட்டால் எப்படி விளக்குவது?" என்று கேட்டார். அன்று இரவு பத்துப் பேர் நோட்டை எடுத்து உட்கார்ந்தார்கள். அவர் கேட்கக் காத்திருந்தவர்கள்போல.

நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலையே. என்கிட்ட பகிர என்ன இருக்கு?

புதிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முயன்று பார்த்தது எதுவாக இருந்தாலும் போதும். உதாரணத்துக்கு, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் ஆராய்ந்தார். சராசரியாக ஒரு வினாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையிடம் போய்விடுகிறோம், அல்லது நாமே சொல்லிவிடுகிறோம். மூன்று வினாடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். ஐம்பது வருடப் பழைய செய்தி.

எங்கள் குழுவில் ஒருவர் இதைத் தன் வகுப்பில் ஒரு வாரம் செய்துவிட்டு எழுதினார்: "மூன்று வினாடி என்பது நிற்கும்போது மிக நீளமாக இருக்கிறது. மனதுக்குள் எண்ணாமல் என்னால் முடியவில்லை. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். காத்திருப்பேன் என்று முன்கூட்டியே சொன்ன பிறகுதான் சரியாயிற்று." இதில் அவர் கண்டுபிடித்தது என்று எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்தபின்தான் எங்களில் பலர் தைரியமாக முயன்றோம்.

தோற்றுப்போனதையும் எழுதுங்கள். நன்றாகப் போன பாடங்களை மட்டுமே எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தால், புதிதாக வேலைக்கு வந்தவர் தனக்கு மட்டும்தான் எதுவும் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஒருத்தர் போட்ட பயிற்சித்தாளை அப்படியே வகுப்புல கொடுத்தேன், சொதப்பிடுச்சு. நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்களே?

தாளில் இருப்பது பாடத்தின் பாதிதான். அதைக் கொடுக்குமுன் அவர் என்ன பேசினார், எத்தனை நிமிடம் கொடுத்தார், எந்த இடத்தில் நிறுத்தி எல்லோரையும் பலகையைப் பார்க்கச் சொன்னார் என்பதெல்லாம் தாளில் வராது. ஜப்பானிய ஆசிரியர்களிடம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம் ஒன்று உண்டு. சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள். 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு என்று பெயர். இணையத்தில் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் நிற்க முடியாது. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தாளை எடுக்குமுன் போட்டவரிடம் "பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சொதப்பிய பிறகு செய்ய வேண்டியது அதைவிட முக்கியம்: திரும்பி வந்து சொல்லுங்கள். பின்னம் கேட்ட அந்த ஆசிரியர் வந்தார். "1/3, 1/4 சரியாகிவிட்டது. இப்போது 2/3-உம் 3/4-உம் சமம் என்கிறார்கள். இரண்டிலும் ஒரு துண்டுதானே குறைகிறது என்று கேட்கிறார்கள்" என்று எழுதினார். பட்டை யோசனை சொன்னவர் உட்பட யாருமே அதை எதிர்பார்க்கவில்லை. குறையும் துண்டு எவ்வளவு பெரியது என்று அதே பட்டைகளை வைத்துக் கேட்கலாம் என்று அங்கிருந்து பேச்சு நீண்டது. என் ஒன்பது வருடத்தில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான். கோப்புகளால் ஒரு குழு உயிரோடு இருப்பதில்லை. முயன்றுவிட்டுத் திரும்பி வந்து சொல்பவர்களால் இருக்கிறது.

குழுவுல வர்ற உத்தியெல்லாம் உண்மைதானா? எப்படி நம்புறது?

எல்லாம் உண்மையில்லை. சில தவறான செய்திகள் நம்மிடையேதான் மிக வேகமாகப் பரவுகின்றன, ஏனென்றால் பகிர்பவர் நமக்குப் பிடித்தவர், நல்லெண்ணத்தோடுதான் பகிர்கிறார். 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்துங்கள்' என்ற செய்தியை நானே ஒரு காலத்தில் பகிர்ந்திருக்கிறேன். ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-ல் இதற்கான ஆதாரங்களைத் தேடிப் பார்த்தார்கள். அப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள்.

இன்னொன்று அந்தப் பிரமிடு படம். படிப்பதில் 10 விழுக்காடு நினைவிருக்கும், கேட்பதில் 20, மற்றவருக்குக் கற்பிப்பதில் 90 என்று அடுக்கிக்கொண்டே போகும். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் வெளியிட்ட கூம்பு வரைபடத்தோடு அதை இணைத்துச் சொல்வார்கள். டேல் வரைந்த கூம்பில் விழுக்காடே கிடையாது. எண்கள் பிறகு யாரோ ஒட்டியவை. எண் எல்லாம் பத்துப் பத்தாக அழகாக ஏறினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆராய்ச்சி என்று சொன்னால் யார், எப்போது செய்தது என்று கேளுங்கள். அனுபவம் என்று சொன்னால் எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செஞ்ச தாளை வேறொருத்தர் தன் பெயர்ல போட்டிருக்கார். என்ன செய்ய?

மனம் புண்படும், எனக்கும் நடந்திருக்கிறது. முதலில் அவரிடம் தனியாகக் கேளுங்கள். பலருக்கு அது யாருடையது என்றே தெரிந்திருக்காது; நான்கு குழுக்கள் தாண்டி வந்திருக்கும். பெயரைச் சேர்க்கச் சொன்னால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். மறுத்தால் நிர்வாகியிடம் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் குழுவில் எல்லோர் முன்னும் கேட்டால், அப்புறம் சமாதானமாவது கடினம்.

இனிமேல் வராமல் இருக்க, தாளின் அடியிலேயே உங்கள் பெயரையும் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். இதற்கென்றே ஆயத்த உரிமங்கள் இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2001-ல் தொடங்கியது, முதல் உரிமங்களை 2002-ல் வெளியிட்டது. இப்போது ஆறு வகை. பெயர் சொன்னால் போதும், எப்படியும் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் இதே உரிமத்தில்தான் தர வேண்டும் என்ற நிபந்தனைகளைச் சேர்த்தால் மற்ற வகைகள். ஆசிரியர்களுக்கு 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம் என்பேன். தன் வகுப்புக்கு ஏற்றபடி எண்ணை மாற்ற முடியாத தாளால் யாருக்கும் பெரிய பயனில்லை.

காசு கொடுத்து வாங்கின பயிற்சிப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணிப் போடலாமா? படிப்புக்குத்தானே?

வேண்டாம். வகுப்பில் பாடத்துக்காக ஒரு பகுதியைப் பயன்படுத்தப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. முழுப் புத்தகத்தை ஆயிரம் பேருக்கு அனுப்புவது வேறு கதை. மேலே உங்கள் தாளுக்கு நீங்கள் கேட்ட அதே நியாயம்தான் அதை எழுதியவருக்கும். தாராளமாகப் பகிரக்கூடிய திறந்த கல்வி வளங்கள் நிறைய உண்டு. அந்தப் பெயரே யுனெஸ்கோ 2002-ல் கூட்டிய ஒரு கூட்டத்தில் பிறந்ததுதான்.

பிள்ளையோட நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடலாமா?

தவறான விடையைக் கண்ணால் பார்ப்பதுபோல உதவுவது வேறில்லை, அதனால் முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்தை அனுப்புமுன் ஓரங்களைப் பாருங்கள். மேலே பெயர், வரிசை எண், பள்ளி முத்திரை, ஓரத்தில் தோழியின் பெயர், பின்னணியில் அடுத்த பிள்ளையின் முகம். இவற்றையெல்லாம் வெட்டிவிட்டு அந்த ஒரு கணக்கை மட்டும் அனுப்புங்கள். இன்னும் நல்லது, அந்தத் தவறை உங்கள் கையால் வேறு தாளில் எழுதிப் படம் எடுப்பது. நான் இப்போது அதைத்தான் செய்கிறேன், ஒரு நிமிடம்கூட ஆகாது.

எடுத்த இடம், நேரம் போன்ற விவரங்கள் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் கூடவே போகும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர், பள்ளி இரு தரப்பின் அனுமதியும் இல்லாமல் போடவே கூடாது. 'நமக்குள்ளேதானே' என்று நினைக்க வேண்டாம், ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் நமக்குள்ளே என்று ஒன்று இல்லை.

பெயரை எடுத்துட்டா ஒரு பிள்ளையோட பிரச்சினையைப் பேசலாம்ல?

பெயரை எடுத்தால் மட்டும் போதாது. "என் வகுப்பில் ஒரு பையன், அப்பா போன மாதம் இறந்துவிட்டார், அம்மாவும் இதே பள்ளியில்தான் வேலை" என்று எழுதினால், அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும், யாரென்று தெரிந்துவிடும். பிள்ளையின் கதையை விட்டுவிட்டு உங்கள் கேள்வியை மட்டும் கேளுங்கள்: "வீட்டில் பெரிய இழப்பைச் சந்தித்த பிள்ளை வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டால் எப்படி அணுகுவீர்கள்?" கிடைக்கும் பதில் குறையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை அடிபடுகிறது, துன்புறுத்தப்படுகிறது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அதைக் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடமோ குழந்தைகள் பாதுகாப்புக்கான அமைப்பிடமோ அன்றைக்கே போங்கள். முன்பின் தெரியாத நாற்பது பேரின் கருத்து வரும்வரை அந்தப் பிள்ளையால் காத்திருக்க முடியாது.

தலைமையாசிரியர் படுத்துறார், மனசு விட்டுப் பேச இடமில்லை. குழுவுல எழுதலாமா?

எழுதும் எதையும் யாரும் திரைப்பிடிப்பு எடுக்கலாம். அது சம்பந்தப்பட்டவர் கைக்கே போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். ஆளையும் பள்ளியையும் அடையாளம் காட்டாமல், "வாரத்துக்கு முப்பத்திரண்டு வகுப்பு, தாள் திருத்த நேரமே இல்லை, சமாளிப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். மற்றதை நம்பிக்கையான ஓரிருவரிடம் பேசுங்கள், எழுத்தைவிடக் குரலில் பேசுவது நல்லது.

ஆனால் ஆறுதல் தேடுவதே தப்பு என்று நினைக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு செய்தி வந்தது. வேலைக்கு வந்து நான்கு மாதமே ஆன ஒருவர், "நாளைக்கு ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறேன், எனக்கு இது வராது" என்று மட்டும் எழுதியிருந்தார். முதலில் வந்த இரண்டு பதில்கள் வகுப்பைக் கட்டுப்படுத்தும் உத்திகள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒருவர், "என் முதல் வருடம் மாலையில் பேருந்தில் அழுதுகொண்டே போவேன். இன்று என்ன நடந்தது?" என்று கேட்டார். அப்புறம்தான் அவர் பேச ஆரம்பித்தார், ஒரு மணிவரை. ராஜினாமா எழுதவில்லை. இப்போது புதியவர்களுக்கு இரவில் பதில் சொல்பவர்களில் அவரும் ஒருவர். யோசனை கேட்காதவருக்கு யோசனை சொல்லாமல், முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

எந்நேரமும் மெசேஜ் வந்துட்டே இருக்கு. வீட்டுல இருந்தாலும் பள்ளியிலேயே இருக்குற மாதிரி இருக்கு.

அறிவிப்பை நிறுத்திவையுங்கள், இன்றே. குழுவில் இருப்பதற்கு அது ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். படித்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து அடுத்த வாரம் முயலுங்கள். பத்தைச் சேமித்துவைத்தால் பத்தும் அப்படியே கிடக்கும்.

நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. ட்விட்டரில் 2009-ல் 'எட்சாட்' என்ற பெயரில் ஆசிரியர்கள் வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒரே தலைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்களும் வாரம் ஒரு மணி நேரம் வைத்தோம். மற்ற நாள்களில் இரைச்சல் தானாகவே குறைந்துவிட்டது.

நான் அட்மின். ரெண்டு மூத்த உறுப்பினர்களுக்குள்ள சண்டை, நடுவுல நான் என்ன செய்யறது?

எதைப் பற்றிய சண்டை என்று பாருங்கள். வீட்டுப்பாடம் தேவையா இல்லையா என்பது போன்ற கருத்து மோதலாக இருந்தால் விடுங்கள், மற்றவர்கள் அதிலிருந்து கற்பார்கள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஆளைத் தொட்ட நொடியில் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் நிர்வாகி யாருடைய செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்க முடியும், நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி குழுவைச் சற்று நேரம் பூட்டவும் முடியும். பூட்டிவிட்டு இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். யாருடைய பக்கமும் சாயாமல், எந்த வரி எல்லை மீறியது என்று மட்டும் சொல்லுங்கள்.

விதிகளைச் சண்டைக்குப் பிறகு எழுதினால் ஒருவருக்கு எதிராக எழுதியதாகத் தோன்றும். குழு தொடங்கும்போதே நான்கைந்து வரி போதும்: ஆளைத் தாக்கக் கூடாது, பிள்ளைகளின் அடையாளம் கூடாது, விற்பனை விளம்பரம் கூடாது, வாழ்த்துப் படங்கள் வேண்டாம். நிர்வாகிகள் குறைந்தது மூவர் இருங்கள். தனியாகச் சுமந்தால் ஒரு வருடத்தில் களைத்துப்போவீர்கள்.

செயற்கை நுண்ணறிவே பயிற்சித்தாள் போட்டுத் தருது. இனி குழு எதுக்கு?

பயிற்சித்தாளுக்காக மட்டும் குழுவில் இருந்தவர்களுக்கு இனி தேவைப்படாமல் போகலாம். நானும் கேள்விகளை எழுத அதைப் பயன்படுத்துகிறேன், விடைகளை நானே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு. ஆனால் மூன்றாக மடிக்கும் பட்டையில் கோடு போட்டுக் கொடுங்கள் என்று சொன்னவரை நினைத்துப் பாருங்கள். அவர் சொன்னதை நம்பியதற்குக் காரணம், அவர் முந்தின வருடம் அந்தப் பட்டைகளோடு பாதி வகுப்பு நேரத்தை இழந்தவர் என்பது. இரவு பதினொரு மணிச் செய்திக்கு "என் முதல் வருடம்" என்று பதில் எழுத, ஒரு முதல் வருடம் இருந்திருக்க வேண்டும்.

இதனால் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறோம். இயந்திரம் எழுதிய பாடத்தைப் பகிரலாம், ஆனால் அப்படித்தான் என்று சொல்லிவிட வேண்டும், வகுப்பில் முயன்றீர்களா என்பதையும் எழுத வேண்டும். முயலாத பாடத்தை முயன்றதுபோலப் பகிர்ந்தால் அதை நம்பி எடுத்துப்போகும் ஒருவருக்கு ஒரு வகுப்பு வீணாகும்.

எங்க குழுவுல இப்போ யாருமே பேசறதில்லை. மூடிடலாமா?

முதலில் நான்கைந்து பேரிடம் தனியாகக் கேளுங்கள்: "இந்த வாரம் வகுப்பில் எது சிக்கலாக இருந்தது?" அவர்கள் சொல்வதைக் குழுவில் எழுதச் சொல்லுங்கள், மற்றவர் பதில் சொல்ல நீங்கள் தூண்டுங்கள். இரண்டு மாதம் இப்படி முயன்றும் அசைவில்லை என்றால் மூடலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. 'டாப்டு இன்' என்று ஆசிரியர்களுக்கான இணையக் கூடம் ஒன்று 1997-லேயே தொடங்கி, பல ஆண்டுகள் நன்றாக நடந்து, 2013-ல் மூடப்பட்டது. அங்கே கூடியவர்கள் வேறு இடங்களில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

மூடும் விதம்தான் முக்கியம். ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். நல்ல தாள்களையும் அவற்றைப் பற்றி வந்த பேச்சையும் சேர்த்து ஒரு கோப்புறையில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, ஆனால் அதில் எழுதியவர்களின் பெயரோ எண்ணோ வரும், தனிப்பட்ட பேச்சும் வரும். அதனால் அப்படியே அனுப்பாமல், பாடம் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, எழுதியவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பகிருங்கள். கடைசி வாரத்தில் ஒரு கேள்வி போடுங்கள்: "இங்கிருந்து எடுத்துப்போய் வகுப்பில் செய்து பார்த்தது எது?" எங்கள் குழுவுக்கு முன்னால் நான் இருந்த குழுவை மூடும்போது அதைக் கேட்டார்கள். மூன்று வருடமாக ஒரு வரியும் எழுதாத பதினாறு பேர் அன்று எழுதினார்கள்.